அரிப்பு நிற்கவில்லை, பூச்சி இன்னும் இருக்கிறதா?

பெயரும் ஊரும் வெளியே தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் காட்டக்கூடியவற்றை நீக்கிவிட்டு அதன் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருக்கு வயது 43. விடுதியில் தங்கிப் படிக்கும் மகன் எட்டு மாதங்களுக்கு முன் விடுமுறைக்கு வந்தபோது, விரல் இடுக்குகளிலும் இடுப்பைச் சுற்றியும் பொரிப்பொரியாக அரிப்புடன் வந்திருக்கிறான். ஸ்கேபீஸ் எனப்படும் சிரங்கு என்று கண்டறிந்து, மருத்துவர் பெர்மெத்ரின் களிம்பு கொடுத்திருக்கிறார். மகனுக்குச் சரியாகிவிட்டது. சில வாரங்கள் கழித்து இவருக்கு அரிப்பு தொடங்கியது. அதே களிம்பை வாங்கி அரித்த இடங்களில் பூசினார். கணவருக்கு அரிப்பே இல்லாததால் அவர் பூசிக்கொள்ளவில்லை. பத்து நாளாகியும் அரிப்பு அடங்கவில்லை என்பதால் இவர் மீண்டும் பூசினார். அதன் பிறகு சில நாள்களுக்கு ஒரு முறை பூசிக்கொண்டே இருக்கிறார். பூச்சிக்குத் தீனி போடக்கூடாது என்று எங்கோ படித்துவிட்டு, சர்க்கரை, பால், தானியம் மூன்றையும் நிறுத்தியதில் எடை ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. துணிகளை நாள்தோறும் கொதிநீரில் போடுகிறார். தரையை பிளீச்சிங் திரவமும் கழிப்பறை அமிலமும் கலந்து துடைக்கிறார். மெத்தையை வெளியே எறிந்துவிட்டார். இரவில் தோலுக்கு அடியில் ஏதோ ஊர்வது போலிருக்கிறது. சொறிந்தபோது வந்த கருப்பு, வெள்ளைத் துகள்களையும் நூல் போன்றவற்றையும் ஒட்டும் நாடாவில் ஒட்டி ஒரு டப்பாவில் வைத்திருக்கிறார். அதைக் காட்டியபோது ஒரு மருத்துவர் ஏறிட்டும் பாராமல், “எல்லாம் மனப்பிரமை” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். கணவரும் இப்போது அதையே சொல்கிறார். பத்து வயது மகளைப் பல மாதங்களாக இவர் பக்கத்தில் படுக்க விடுவதில்லை.

அவர் கேட்பவை: எந்த உணவு பூச்சியின் முட்டைகளை அழிக்கும்? வீட்டை இன்னும் எப்படிச் சுத்தம் செய்வது? கால்நடைகளுக்கான ஐவர்மெக்டின் மருந்தைக் கூடுதல் அளவில் எடுத்துக்கொள்ளலாமா? கடைசியாக, “ஒருவேளை பூச்சியே இல்லையோ என்றும் சில நேரம் தோன்றுகிறது. எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதா, டாக்டர்?”

அன்புள்ள சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. உங்கள் அரிப்பு உண்மையானது. அந்த அரிப்புக்கு இன்றைய தேதியில் பூச்சிதான் காரணமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்த்ததுதான் உங்களையும் உங்கள் கணவரையும் எதிரெதிரே நிறுத்தியிருக்கிறது. பூச்சி இல்லை என்று ஒருவர் சொன்னால் அரிப்பே இல்லை என்று சொல்வதாக உங்களுக்குக் கேட்கிறது. அரிக்கிறது என்று நீங்கள் சொன்னால் பூச்சி இருக்கிறது என்று பிடிவாதம் பிடிப்பதாக அவருக்குக் கேட்கிறது. டப்பாவைத் திறந்துகூடப் பார்க்காமல் உங்களை அனுப்பியது சரியல்ல. முழு உடலையும் பார்த்துச் சோதித்து, கண்டதையும் காணாததையும் விளக்கிச் சொல்லுமாறு கேட்க நோயாளிக்கு உரிமை உண்டு. வேறொரு மருத்துவரின் கருத்தைக் கேட்கவும் உரிமை உண்டு. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பூச்சி இன்னும் இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. உங்கள் கடிதத்திலேயே அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. அரித்த இடத்தில் மட்டும் பூசினீர்கள் என்பது ஒன்று. கணவர் பூசிக்கொள்ளவே இல்லை என்பது மற்றொன்று. அதை நீங்கள் ஒரே வரியில் கடந்துபோயிருக்கிறீர்கள், எனக்கோ அதுதான் பெரிதாகப் பட்டது. சிரங்கை உண்டாக்கும் உண்ணி தோலின் மேலடுக்கில் சுரங்கம் போல் குடைந்து வாழ்கிறது. பெண் உண்ணி நாளொன்றுக்கு இரண்டு மூன்று முட்டைகள் இடும்; அவை மூன்று நான்கு நாள்களில் பொரியும். முதன்முறையாகத் தொற்றும்போது அரிப்பு தெரிய இரண்டு முதல் ஆறு வாரங்கள்கூட ஆகலாம். அந்த இடைவெளியில் உண்ணி உடலில் இருக்கும், மற்றவருக்குத் தொற்றவும் செய்யும். ஆனால் சுமப்பவருக்கு எதுவும் தெரியாது. அதனால்தான் ஒருவருக்குச் சிரங்கு என்று உறுதியானால், அரிப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வீட்டில் உள்ள அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும் என்கிறோம். மகனுக்குச் சிரங்கு வந்தபோதே அது நடந்திருக்க வேண்டும்.

பூசும் முறையிலும் பலர் தவறுகிறார்கள். கழுத்துக்குக் கீழே உள்ளங்கால் வரை ஓரிடம் விடாமல் பூச வேண்டும்: விரல் இடுக்குகள், நகத்துக்கு அடியில், அக்குள், தொப்புள், மார்பகத்தின் கீழ்மடிப்பு, பிறப்புறுப்பு, பிட்டத்தின் இடுக்கு. எட்டு முதல் பதினான்கு மணி நேரம் அது தோலில் இருக்க வேண்டும். இடையில் கை கழுவினால் கைகளில் மறுபடியும் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. இரண்டும் முறையாக நடந்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு வேலை முடிந்தது. சில இடங்களில் பெர்மெத்ரின் முன்போல் வேலை செய்வதில்லை என்று மருத்துவர்கள் பதிவு செய்து வருகிறார்கள் என்பதும் உண்மை. அதற்கு மருந்தை மாற்ற வேண்டுமே தவிர, அதையே அடிக்கடி பூசுவது தீர்வாகாது.

பூச்சி செத்த பிறகும் ஏன் அரிக்கிறது?

உண்ணி கடிப்பதால் அரிப்பதில்லை. உண்ணி, அதன் முட்டை, கழிவு ஆகியவற்றுக்கு எதிராக நம் உடல் காட்டும் ஒவ்வாமையே அரிப்பாகத் தெரிகிறது. மருந்தில் உண்ணி செத்துவிட்டாலும், அதன் எச்சங்கள் தோலின் மேலடுக்கிலேயே இருக்கும்; அந்த அடுக்கு உதிர்ந்து புதிய தோல் மேலே வரும்வரை, அதாவது இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும், அரிப்பு தொடரும். அக்குளிலும் பிறப்புறுப்புப் பகுதியிலும் வரும் கெட்டியான முடிச்சுகள் மாதக்கணக்கில்கூட நிற்கலாம். பத்தாம் நாள் அரித்ததை வைத்து மருந்து தோற்றுவிட்டது என்று நீங்கள் முடிவுகட்டியது அவசரம். இந்த வழக்கமான அரிப்பைப் பற்றி யாராவது முன்கூட்டியே உங்களுக்குச் சொல்லியிருந்தால், எட்டு மாதம் இப்படிக் கழிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் சிக்கல். திரும்பத் திரும்பப் பூசிய களிம்பும், வெந்நீரும், சோப்பும், கைகளில் படும் பிளீச்சிங் திரவமும் தோலின் இயல்பான எண்ணெய்ப் பசையை அரித்தெடுத்துவிடும். வறண்டு எரிச்சலுற்ற தோல் தானாகவே அரிக்கும். அந்த அரிப்பைப் பூச்சி என்று நினைத்து மறுபடி மருந்து பூசினால் எரிச்சல் கூடும். முழங்கை மடிப்பிலும் கணுக்காலிலும் தோல் தடித்துக் கருத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். விரல் இடுக்கும் மணிக்கட்டும் தெளிவாக இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிரங்கு பொதுவாகக் குடிகொள்ளும் இடங்கள் வெறுமையாக இருந்து, கை எட்டிச் சொறியும் இடங்கள் தடித்திருப்பது, தேய்த்துத் தேய்த்து வந்த தோலழற்சியை நினைக்க வைக்கிறது. ஆனால் நேரில் பார்க்காமல் நான் இதற்கு மேல் சொல்லக்கூடாது. தோல் மருத்துவர் டெர்மாஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவியால் பார்த்தால், சுரங்கத்தின் முனையில் உண்ணியின் தலைப்பகுதி சிறு கருமுக்கோணமாகத் தெரியும். அங்கிருந்து சுரண்டியெடுத்து நுண்ணோக்கியில் உறுதி செய்யலாம். அந்தச் சோதனை நடக்கும்வரை எல்லாப் பூச்சி மருந்துகளையும் நிறுத்திவையுங்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பையும் நீங்களாக வாங்கிப் பூச வேண்டாம். சிரங்கு இருந்தால் அதன் அடையாளங்களை அது மறைத்துவிடும்.

டப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. சிரங்கு உண்ணி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு, நிறமற்றது போலிருக்கும், பறக்காது, குதிக்காது. வழக்கமான சிரங்கில் உடல் முழுவதும் சேர்த்தே பத்துப் பதினைந்து உண்ணிகள்தான் இருக்கும். ஆகவே நாடாவில் கண்ணுக்குத் தெரியும் கருப்புத் துகள் பெரும்பாலும் காய்ந்த ரத்தப் பொருக்காகவும், வெள்ளைத் துகள் தோல் செதிலாகவும், நூல் துணியின் இழையாகவும் இருக்கும். இருந்தாலும் டப்பாவை எடுத்துப் போங்கள். நுண்ணோக்கியில் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூட்டைப்பூச்சியோ, பறவைக் கூட்டிலிருந்து இறங்கும் உண்ணியோ அதில் தென்பட்டால் வைத்தியமே வேறு திசையில் போகும். ஒருமுறை முறையாகப் பார்த்த பிறகு, புதிதாகச் சேகரிப்பதை நிறுத்திவிடுங்கள்.

உணவு

எந்த உணவும் தோலில் உள்ள உண்ணியையோ முட்டையையோ அழிக்காது. எதை விலக்கினாலும் அது பட்டினி கிடக்காது. அது வாழ்வது நம் தோலை உண்டு. நாம் சர்க்கரை சாப்பிட்டோமா இல்லையா என்பது அதற்கு ஒரு பொருட்டே அல்ல. குடலில் உள்ள புழுக்களைப் பற்றிய அரைகுறைச் செய்திகளைத் தோலுக்கும் பொருத்திச் சொல்வதால் வரும் குழப்பம் இது. பூண்டையோ வினிகரையோ தோலில் தேய்க்கச் சொல்லும் குறிப்புகளையும் தவிர்த்துவிடுங்கள். பச்சைப் பூண்டு தோலைத் தீக்காயம் போல் புண்ணாக்கிவிடும்.

ஆனால் உணவுக்கும் அரிப்புக்கும் தொடர்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். தொடர்பு நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிரானது. இரும்புச்சத்துக் குறைந்தால், தடிப்பு எதுவும் இல்லாமலே உடல் முழுக்க அரிக்கலாம். வைட்டமின் பி12 குறைந்தால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, குறுகுறுப்பும் ஊர்வது போன்ற உணர்வும் வரலாம். பால் பொருள்களையும் தானியங்களையும் ஒட்டுமொத்தமாக நிறுத்தி ஒன்பது கிலோ இழந்த உடலில் இந்தக் குறைகள் இருக்கக்கூடும். நீங்கள் விலக்கியவற்றை மெல்ல மெல்லத் திரும்பச் சேருங்கள். ஒவ்வொரு வேளையும் புரதம் இருக்கட்டும். சாப்பாடு பழையபடி ஆன பிறகும் எடை குறைந்துகொண்டே போனால் அதைத் தனியாக ஆராய வேண்டும். அரிப்போடு சேர்ந்த எடைக்குறைவை உணவுக் கட்டுப்பாட்டின் கணக்கில் எழுதிவிட்டு மருத்துவர்கள் சும்மா இருப்பதில்லை. ரத்த அணுக்கள், ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

வீட்டுச் சுத்தம்

எல்லாவற்றுக்கும் முன், பிளீச்சிங் திரவத்தையும் கழிப்பறை அமிலத்தையும் கலப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் கலவையிலிருந்து குளோரின் வாயு வெளிவரும். அடைத்த குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம். துடைத்த பிறகு வரும் இருமலைப் பூச்சியின் தொல்லையோடு சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். அது இந்தக் கலவையின் வேலையாக இருக்கவே அதிக வாய்ப்பு. மூச்சுத்திணறல் இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மனித உடலை விட்டு இறங்கிய சிரங்கு உண்ணி இரண்டு மூன்று நாள்களுக்கு மேல் உயிரோடு இருக்காது. அது பரவுவதும் பெரும்பாலும் தோலோடு தோல் நெடுநேரம் படுவதால்தான். தரையிலிருந்தோ சுவரிலிருந்தோ அது உங்கள் மேல் ஏறுவதில்லை. ஆகவே சுத்தம் என்பது மருந்து பூசும் நாளோடு முடியும் வேலை. அன்று, முந்தைய மூன்று நாள்களில் உடுத்திய துணிகளையும் விரிப்புகளையும் துண்டுகளையும் 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் துவையுங்கள். துவைக்க முடியாதவற்றைப் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் கட்டி, ஒரு வாரம் ஒதுக்கிவையுங்கள். மெத்தையையும் இருக்கைகளையும் ஒருமுறை தூசி உறிஞ்சினால் போதும். பூச்சிக்கொல்லி தெளிக்கத் தேவையில்லை. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதையாக மெத்தையை எறிந்துவிட்டீர்கள்; புதிதாக வாங்கியதையும் எறிந்துவிடாதீர்கள்.

கால்நடை மருந்து

வேண்டாம். ஐவர்மெக்டின் மனிதர்களின் சிரங்குக்கும் நல்ல மருந்துதான். உடல் எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் என்று கணக்கிட்டு, அது முட்டையை அழிக்காது என்பதால் ஒன்றிரண்டு வாரம் கழித்து இரண்டாவது வேளையும் கொடுப்போம். கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகத் தருவதில்லை. கால்நடைகளுக்கானதோ நூற்றுக்கணக்கான கிலோ எடைக்கு ஏற்பச் செறிவாகத் தயாரிக்கப்படுவது. அதில் உங்கள் அளவைப் பிரித்தெடுக்க முடியாது. அளவு மீறினால் வாந்தி, தலைசுற்றல், குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு வரை போகலாம். சிரங்கு உறுதியானால் மருத்துவர் மனிதர்களுக்கான மாத்திரையையே எழுதித் தருவார்.

இரவும் மன அழுத்தமும்

அரிப்பு இரவில் கூடுவதற்கு உண்ணி மட்டும் காரணமல்ல. படுக்கையில் தோலின் வெப்பம் ஏறுகிறது. அழற்சியை அடக்கும் கார்டிசால் என்ற ஹார்மோனின் இயல்பான சுரப்பு இரவில் குறைகிறது. கவனத்தைத் திருப்ப வேறு வேலையும் இல்லை. கவலையோடு தோலையே கவனித்துக்கொண்டிருந்தால், சாதாரணமாக நாம் பொருட்படுத்தாத சிறு நமைச்சல்கூட ஏதோ ஊர்வதாகத் தெரியும். இது நரம்புகளின் இயல்பு, உங்கள் குறையல்ல. உண்ணியைப் பற்றிப் படிக்கும்போதே பலருக்கும் தலை அரிக்கத் தொடங்கும். இதை வாசிப்பவர்களில் சிலர் இந்நேரம் சொறிந்திருப்பார்கள்.

இரவுக்கு நான் பரிந்துரைப்பவை எளியவை. வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடித்துக்கொள்ளுங்கள். ஈரம் காயும் முன்பே மணமில்லாத மாய்ஸ்சரைசரைத் தாராளமாகப் பூசுங்கள். அரிக்கும் இடத்தில் குளிர்ந்த நீரில் நனைத்த துணியை ஐந்து பத்து நிமிடம் போட்டு வையுங்கள். சொறியக் கை போகும்போது விரல்களை இறுக மூடி அரை நிமிடம் வைத்திருங்கள்; அப்படியும் அடங்காவிட்டால் நகம் படாமல் உள்ளங்கையால் அந்த இடத்தை அழுத்துங்கள். நகங்களை ஒட்ட வெட்டிவிடுங்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, தோலைப் பார்ப்பதற்குப் பகல் வெளிச்சத்தில் நாளுக்கு ஒரே ஒரு சிறு நேரத்தை ஒதுக்குங்கள்; வாரம் செல்லச் செல்ல அதையும் குறையுங்கள். நள்ளிரவில் கைபேசியில் பூச்சிப் படங்களைத் தேடுவதை விட்டாலே தூக்கத்தில் பாதி திரும்பக் கிடைக்கும். தூக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரையைச் சில நாள்களுக்கு மருத்துவர் தரக்கூடும். அது அரிப்பை அவ்வளவாகக் குறைக்காது, தூங்க வைக்கும். மறுநாள் காலையும் மயக்கம் இருக்கலாம் என்பதால் வண்டி ஓட்டும்போது கவனம் தேவை.

சோதனைகளில் பூச்சியும் இல்லை, வேறு நோயும் இல்லை என்று தெரிந்த பிறகும், இருக்கிறது என்ற உறுதி தளராமல் நிற்கும் நிலை ஒன்று உண்டு. ஸ்வீடனைச் சேர்ந்த நரம்பியல் மருத்துவர் கார்ல்-ஆக்சல் எக்போம் 1938-இல் அதை விரிவாக விவரித்தார். உங்கள் கடிதத்தில் “ஒருவேளை பூச்சியே இல்லையோ” என்ற வரி இருக்கிறது. அந்த நிலையில் இருப்பவர்கள் பொதுவாக அப்படி எழுத மாட்டார்கள். ஆனாலும் நாளடைவில் அந்தச் சந்தேகம் மறைந்து உறுதி மட்டும் மிஞ்சினால், தோல் மருத்துவரும் மனநல மருத்துவரும் சேர்ந்து குறைந்த அளவு மருந்தால் அதைக் குணப்படுத்த முடியும் என்பதை அறிந்து வைத்திருங்கள். மனநல மருத்துவரைப் பார்ப்பதால், உங்கள் அரிப்பு பொய் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடாது. எட்டு மாதம் தூக்கமின்றி இருந்தவருக்குப் பதற்றமும் சோர்வும் வருவது இயல்பே. அதற்கு மட்டுமேகூட உதவி கேட்கலாம்.

கணவரை மருத்துவரிடம் உடன் அழைத்துச் செல்லுங்கள். மனப்பிரமை என்று அவர் வாதிடுவதற்கு முன், அவருடைய விரல் இடுக்குகளையும் மருத்துவர் பார்க்கட்டும். சிரங்கு என்று உறுதியானால் நான்கு பேரும் ஒரே நாளில் மருந்து எடுக்க வேண்டும். விடுதியில் இருக்கும் மகனும் அதில் சேர்த்தி. முதல் முறை மருந்தை முறையாகப் பூசிக் கழுவிய மறுநாளிலிருந்து மகளை விலக்கி வைக்கத் தேவையில்லை. சிரங்கு இல்லை என்று மருத்துவர் சொன்னால், அந்தக் காத்திருப்பும் தேவையில்லை.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசியவை, குடித்தவை அனைத்தின் பெயர்களையும், எந்த நாளில் எத்தனை முறை என்பதையும் ஒரே தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் வழக்கமாகச் சாப்பிடும் மற்ற மாத்திரைகளும் அதில் இருக்கட்டும். சில மருந்துகளே அரிப்பைத் தரும். சொறிந்த இடத்தில் சீழோ தேன் நிறப் பொருக்கோ கட்டினாலும், காய்ச்சல் வந்தாலும், முகம் வீங்கிச் சிறுநீர் அடர்நிறமானாலும் முன்பதிவு நாளுக்காகக் காத்திருக்க வேண்டாம். தோலில் பாக்டீரியா தொற்றினால் சில வேளைகளில் அது சிறுநீரகத்தையும் பாதிக்கும். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எப்போதாவது தலைகாட்டினாலும் அன்றே வீட்டில் ஒருவரிடம் சொல்லி, மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.